ஊராட்சி வாசலில் நின்றுபோன இணையம்

ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் செலவழித்து ஊர் ஊராகக் கண்ணாடி இழை இழுத்தாயிற்று. ஊருக்கு ஆறு வீட்டுக்குக்கூட அது போய்ச் சேரவில்லை. அடுத்த சுற்றுக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது மத்திய அரசு. இந்தப் பணமாவது வீட்டு வாசலைத் தொடுமா?

கிராம ஊராட்சி சேவை மையக் கட்டடம். உள்ளே ஒரு மூலையில் இரும்பு அலமாரி. பூட்டிய கதவுக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்குகின்றன. மின்சாரம் போனால் யூபிஎஸ் கீச்சிடும். பேட்டரி தீர்ந்ததும் அதுவும் அடங்கிவிடும். அறைச் சாவி ஊராட்சிச் செயலரிடம். அவரோ பக்கத்து ஊராட்சியையும் சேர்த்துக் கவனிப்பவர். இன்று இங்கே இல்லை. அதே கட்டடத்தின் வெளித் திண்ணையில், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரான ஒரு பெண், தொழிலாளர்களின் வருகைப் புகைப்படத்தைச் செயலியில் ஏற்ற முடியாமல் தன் சொந்த அலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடுகிறார். அலமாரிக்கும் அவருக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

இது ஓர் ஊரின் கதையல்ல. கடந்த சில ஆண்டுகளில் உள்ளடங்கிய கிராமங்களில் அலைந்தவர்கள் இதே காட்சியைச் சிறு மாற்றங்களோடு பார்த்திருப்பார்கள். சில ஊர்களில் அலமாரி உயிரோடு இருக்கிறது, பயன்படுத்த ஆள் இல்லை. சில ஊர்களில் ஆள் இருக்கிறார், அலமாரி செத்துக் கிடக்கிறது. இரண்டும் உயிரோடு இருக்கும் ஊர்களும் உண்டு. அவை ஏன் குறைவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கெடுவுக்கு மேல் கெடு

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டே ஆண்டுகள் என்பது கணக்கு. 2012இல் இதற்கெனத் தனி நிறுவனம் பிறந்தது. கேபிள் போடும் வேலை பிஎஸ்என்எல், ரயில்டெல், பவர்கிரிட் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. இரண்டு ஆண்டு வந்தது, போனது.

2015இல் திட்டத்தின் பெயர் பாரத்நெட் ஆனது. 2017 ஜூலையில் மதிப்பீடு 42,068 கோடியாக உயர்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக அறிவித்தார்கள். 2020 சுதந்திர தின உரையில் பிரதமர், ஆயிரம் நாளில் நாட்டின் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் கண்ணாடி இழை போகும் என்றார். அந்த ஆயிரமாவது நாள் 2023 மே மாதத்தில் சத்தமில்லாமல் கடந்துபோனது. நடுவே 2021இல், 16 மாநிலங்களில் தனியாரையும் சேர்த்துக்கொள்ள 19,041 கோடி ரூபாய் மானியத்தோடு டெண்டர் விட்டார்கள். எடுக்க ஆள் வரவில்லை. 2022இல் அந்தத் தனி நிறுவனத்தை பிஎஸ்என்எல்லோடு இணைக்க முடிவானது. 2023 ஆகஸ்டில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் வந்தது. தொகை 1,39,579 கோடி ரூபாய்.

பன்னிரண்டு ஆண்டுகளில் மதிப்பீடு ஏறக்குறைய ஏழு மடங்கு. பணவீக்கம், கூடுதல் கிராமங்கள், பத்தாண்டுப் பராமரிப்பு என்று நியாயமான காரணங்கள் இதில் உண்டு. ஆனால் முதல் முறையே சரியாகச் செய்திருந்தால் மறுபடி தோண்ட வேண்டியிருக்காது என்ற காரணமும் இதற்குள்தான் இருக்கிறது.

மூன்றேகால் லட்சம் ரூபாய் இணைப்பு

2025 ஜனவரி நிலவரப்படி 2.14 லட்சம் ஊராட்சிகளில் கருவிகள் பொருத்தி, சேவைக்குத் தயார் என்று அறிவித்திருந்தது மத்திய அரசு. போடப்பட்ட கேபிளின் நீளம் 6.9 லட்சம் கிலோமீட்டர். பூமியிலிருந்து நிலவுக்கு உள்ள தூரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். மலைக்க வைக்கும் சாதனைதான், மறுப்பதற்கில்லை.

அதே அரசுக் கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. இந்த வலையமைப்பின் வழியாகத் தரப்பட்ட கண்ணாடி இழை இணைப்புகள் 12.2 லட்சம். ஊராட்சிக்கு ஆறுகூட இல்லை. 2023 இறுதிவரை விடுவித்த ஏறத்தாழ 40,000 கோடியை இந்த இணைப்புகளால் வகுத்துப் பார்த்தால், ஓர் இணைப்புக்குச் சுமார் மூன்றேகால் லட்சம் ரூபாய் வருகிறது.

இந்த வகுத்தல் முழுக்க நியாயமானதல்ல. அந்தக் கேபிளை அலைபேசிக் கோபுரங்களும் வாடகைக்கு எடுக்கின்றன, அரசு அலுவலகங்களும் பயன்படுத்துகின்றன, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வைஃபை மையங்களும் அதில் தொங்குகின்றன. கேபிளுக்குப் பல பத்தாண்டு ஆயுள் உண்டு. இணைப்புகள் கூடக் கூடச் சராசரிச் செலவு இறங்கும். இவ்வளவையும் கழித்த பிறகும் கணக்கு உதைக்கிறது. மேல்நிலைத் தொட்டியைக் கட்டித் தண்ணீரும் ஏற்றிவிட்டு, தெருக்குழாய் போட மறந்த ஊரின் நிலைமை இது.

மறந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. தெருக்குழாய் திட்டத்திலேயே இல்லை. ஊராட்சி அலுவலகம் வரை கொண்டுபோய் விட்டால் போதும், மீதியைத் தனியார் சேவையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் 2011இன் எதிர்பார்ப்பு. அவர்கள் பார்க்கவில்லை. ஊராட்சி வரை இலவசமாக வந்தாலும், அங்கிருந்து வீடு வரை இழுக்கிற செலவும், மாதக் கட்டணம் வசூலிக்கிற சிரமமும், அறுந்தால் ஓடுகிற வேலையும் யாருடையவை என்பதற்கு அந்தக் காகிதத்தில் விடை இல்லை.

---
பெட்டி: இந்தப் பணம் யாருடையது?

பாரத்நெட்டுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் பட்ஜெட் வரிப்பணத்திலிருந்து வருவதல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 சதவீதத்தை இதற்கென அரசுக்குக் கட்டுகின்றன. அந்த நிறுவனங்கள் அதை நம் ரீசார்ஜ் கட்டணத்திலிருந்து எடுக்கின்றன. 2002 முதல் இருந்துவரும் இந்த நிதிக்கு 2003இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் இதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி.

பணம் நேராக இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். அங்கிருந்து தேவைக்கேற்ப ஒதுக்குவார்கள். கிராமங்களுக்கென்று வசூலித்து, செலவழிக்காமல் கிடக்கும் தொகை 70,000 கோடிக்கும் மேல். கூலி வேலைக்குப் போகிறவர் போடும் ரீசார்ஜிலும் இதற்கான பங்கு இருக்கிறது.

---

எதை அளந்தார்களோ அதுதான் நடந்தது

பொதுப்பணத்தில் வேலை எடுக்கும் ஒப்பந்ததாரருக்கு எதற்குப் பணம் தருகிறோமோ அதைத்தான் அவர் செய்து தருவார். பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் பணம் கிலோமீட்டருக்குத் தரப்பட்டது. எனவே கிலோமீட்டர் கிடைத்தது.

செலவைக் குறைக்க ஒரு வழியையும் கையாண்டார்கள். ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து முழுக்கப் புதுக் கேபிள் போடாமல், ஏற்கெனவே பிஎஸ்என்எல் புதைத்திருந்த பழைய கேபிளைப் பயன்படுத்திக்கொண்டு, அது முடியும் இடத்திலிருந்து ஊராட்சி வரை மட்டும் புதிதாகப் போட்டார்கள். காகிதத்தில் இது சிக்கனம். தரையில், புதுக் கேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் உயிர் பழைய கேபிளின் கையில். பல முறை அறுந்து ஒட்டுப்போட்ட பழைய இழையில் ஒளி பலவீனமாகிவிடும்; கடைசி ஊராட்சிக்கு வந்து சேரும்போது கருவிக்குப் போதாது.

அடுத்தது வடிவமைப்பு. ஒன்றியத்திலிருந்து ஒற்றை வழியாக ஊர் ஊராகப் போகிற கேபிள் நடுவில் எங்கே அறுந்தாலும், அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊராட்சிகளும் இருண்டுவிடும். வளையமாகப் போட்டிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இணைப்பு வந்துவிடும். வளையத்துக்குக் கூடுதல் கேபிள் வேண்டும், அதனால் செலவு ஏறும் என்று முதலில் விட்டுவிட்டார்கள். இப்போது திருத்தப்பட்ட திட்டத்தில் வளையம்தான் அடிப்படை. மிச்சப்படுத்தியதைவிட அதிகம் கொடுத்து அதே பாடத்தைப் படிக்கிறோம்.

கேபிள் ஏன் அறுகிறது? சாலை அகலப்படுத்துகிறார்கள், குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள், மழைநீர் வடிகால் தோண்டுகிறார்கள். ஒரு துறை தோண்டுவது இன்னொரு துறைக்குத் தெரியாது. ஜேசிபி ஓட்டுநருக்கு மண்ணுக்குள் என்ன போகிறது என்று தெரிய வாய்ப்பே இல்லை. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை கண்ணாடி இழை வெட்டுப்படுகிறது, அதனால் 3,000 கோடி ரூபாய் அளவுக்கு இழப்பு என்று அரசே சொல்லித்தான், தோண்டுவதற்கு முன் தெரிவிக்கும் செயலியை 2023 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். ஒரு பொதுப்பணத் திட்டத்தை இன்னொரு பொதுப்பணத் திட்டம் வெட்டுகிறது. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் ஒரே ஆள்.

வெட்டுப்பட்டதை ஒட்டுவதற்கு யாருக்குப் பணம்? நீண்ட காலம் இந்தக் கேள்வி திட்டத்தின் ஓரத்தில் கிடந்தது. போடுவதற்கு ஆயிரக்கணக்கான கோடி இருந்தது. காப்பாற்ற ஆளும் இல்லை, தனி ஒதுக்கீடும் போதவில்லை. புதிதாக ஒன்றைத் திறந்துவைக்க விழா எடுக்கலாம். அறுந்த கேபிளை ஆறு மணி நேரத்தில் ஒட்டியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. நம் பொதுச்செலவின் பழைய நோய் இது. பாலம், பள்ளிக் கட்டடம், குடிநீர்த் திட்டம் எல்லாவற்றிலும் இதையே பார்க்கிறோம்.

தமிழ்நாடு ஏன் கடைசி வரிசையில் நின்றது?

சாலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் முந்தி நிற்கிற மாநிலம் இதில் பிந்திப்போனது. இரண்டாம் கட்டத்தில் மாநில அரசே வேலையை எடுத்து நடத்தும் வழியைத் தேர்ந்துகொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இதற்காகத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், சுருக்கமாக டான்ஃபிநெட், தொடங்கப்பட்டது. இலக்கு 12,525 ஊராட்சிகள்.

அப்புறம் வந்தது டெண்டர். ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்த டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று புகார் எழுந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு அதை ரத்து செய்து மறுடெண்டர் விடச் சொன்னது. மறுபடி டெண்டர், தேர்தல், ஆட்சி மாற்றம், ஒப்பந்தம் எல்லாம் தாண்டி மண்ணில் வேலை தொடங்கியது 2022இல்.

அந்த இரண்டு ஆண்டுகள் எந்த ஆண்டுகள் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த கொரோனாக் காலம். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காக ஆலமரக் கிளையில் ஏறி உட்கார்ந்த படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம், பகிர்ந்தோம், மறந்தோம். டெண்டரில் முறைகேடு இருந்தால் ரத்து செய்யத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் யாரோ சிலருக்காக நிபந்தனை எழுதியதாக எழுகிற சந்தேகத்துக்கு உண்மையான விலை கொடுப்பவர்கள் ஒப்பந்ததாரர்கள் அல்லர். மரத்தில் ஏறிய பிள்ளைகள்.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் ஒரு துணிச்சலான முடிவும் இருந்தது. கேபிளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைக்காமல் மின்கம்பங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். செலவு வெகுவாகக் குறையும், வேலை வேகமாக நடக்கும், ஜேசிபிக்குப் பயப்பட வேண்டாம், அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மறுபக்கமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்படி ஒரு புயல் மறுபடி வந்தால், மின்சாரமும் இணையமும் ஒரே இரவில் ஒன்றாகப் போகும். நாகையிலும் தருமபுரியிலும் ஒரே முறையில் கேபிள் போவது சரியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடலோர மாவட்டங்களில் முக்கிய வழித்தடங்களையாவது மண்ணுக்குள் கொண்டுபோவது அதிகச் செலவுதான். புயலுக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி கட்டுவதைவிடக் குறைந்த செலவு.

கேபிள் ஊருக்கு வந்த பிறகு தொடங்கியது வேறொரு தலைவலி. கம்பத்தில் தொங்கும் கறுப்புக் கேபிளைச் செம்பு என்று நினைத்து வெட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மறுவிற்பனைக்கு உதவாது, திருடினால் நடவடிக்கை என்று மாவட்ட ஆட்சியர்கள் செய்திக்குறிப்பு வெளியிட வேண்டிவந்தது. யூபிஎஸ் பேட்டரிக்குத்தான் உண்மையில் காசு. அதைக் காப்பது யார்? ஊராட்சிச் செயலர். அதற்கென்று அவருக்குத் தனி ஆளோ தொகையோ கிடையாது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் பன்னிரண்டரை ஆயிரம் என்றால், குக்கிராமங்கள் 79,000க்கும் மேல். ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு குடியிருப்புகள். ஊராட்சி அலுவலகம் இருக்கும் தாய்க்கிராமத்துக்கு இணையம் வந்துவிட்டால் அறிக்கையில் அந்த ஊராட்சி முடிந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியும், மலையடிவாரத்துப் பழங்குடிக் குடியிருப்பும் அந்த அறிக்கையில் எங்கும் தென்படாது. இந்த நாட்டில் ஊராட்சி அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கும், எந்தத் தெருவில் இருக்காது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடலுக்கு அடியில் மட்டும் எப்படி முடிந்தது?

அரசு செய்தால் இப்படித்தான் என்று கை விரிப்பவர்களுக்கு ஒரு பதில் சென்னைக் கடற்கரையிலிருந்தே புறப்படுகிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கண்ணாடி இழை. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். 2018 டிசம்பர் 30இல் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10இல் தொடக்கம். இருபது மாதம்கூட ஆகவில்லை. அதில் கொரோனா முடக்கமும் அடக்கம்.

பணம் அதே நிதியிலிருந்து வந்தது. நிறைவேற்றியது அதே பிஎஸ்என்எல். அதே டெல்லி, அதே கோப்புகள். பின் எது வேறு?

தீவில் தேவை கண் முன்னே காத்திருந்தது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய வழியை நம்பி, ஒரு படம் இறங்க நிமிடக் கணக்கில் உட்கார்ந்திருந்த மக்கள். அலைக்கற்றை இருந்தும் வேகம் தர முடியாத அலைபேசி நிறுவனங்கள். வங்கிகள், மருத்துவமனை, கடற்படை. கேபிள் கரையேறிய நாளிலேயே வாங்க ஆள் இருந்தார்கள். அந்தமானில் கணிசமாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சென்னையில் படிக்கும் பிள்ளைகளை முகம் பார்த்துப் பேச முடிந்தது.

வேலைக்கு ஒரே பொறுப்பாளர். முடிந்ததா இல்லையா என்பதில் மழுப்ப முடியாது; 2,299 கிலோமீட்டர் போட்டுவிட்டோம் என்று யாரும் அறிக்கை தர முடியாது, மறுகரையில் இணையம் வந்தால்தான் வேலை முடிந்தது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போட்ட 1,072 கோடி ரூபாய்க் கேபிளும் 2024 ஜனவரியில் இதே போலக் கரையேறியது.

கடலைவிடக் கிராமம் கடினம் என்பது உண்மைதான். கடலில் பட்டா பிரச்சினை இல்லை, நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேண்டாம். ஆனால் மறுமுனையில் இணையம் வந்தால்தான் முடிந்தது என்கிற அந்த ஒரு விதியைக் கிராமத்துக்கும் வைத்திருக்கலாம். அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

---
பெட்டி: பணத்தைக் கொட்டியும் சிக்கிய நாடுகள், சிக்காத ஊர்கள்

அமெரிக்கா: 2020 இறுதியில் கிராமப்புற இணையத்துக்கு 920 கோடி டாலர் மானியம் ஏலம் விட்டார்கள். சுமார் 130 கோடி டாலரை ஏலத்தில் வென்ற ஒரு சிறு நிறுவனத்தால் செய்து காட்ட முடியாது என்று 2022இல் நிராகரித்தார்கள். 2021இல் இன்னும் பெரிதாக 4,245 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வரைபடம், ஆட்சேபம், மாநிலத் திட்டம், ஒப்புதல் என்று படியேறி, 2024 முடியும்போதும் அந்தப் பணத்தில் ஒரு வீடுகூட இணையவில்லை. 2025இல் விதிகளையே மாற்றினார்கள்.

ஆஸ்திரேலியா: 2009இல் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை என்றார்கள். 2013இல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்கப் பல வீடுகளுக்குப் பழைய செம்புக் கம்பியே போதும் என்றார்கள். 2020இல் மறுபடி கண்ணாடி இழைக்குத் திரும்பினார்கள்.

சட்டனூகா: அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நகரம். அந்த ஊர் மின்வாரியமே மின்தடையைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி இழை போட்டு, 2010 முதல் வீடுகளுக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் விற்கிறது. 11 கோடி டாலருக்கு மேல் மத்திய மானியம் கிடைத்தது. மீதியைச் சந்தா கட்டுகிறது.

ஸ்டாக்ஹோம்: 1994இல் மாநகராட்சி ஒரு நிறுவனம் தொடங்கி ஊர் முழுக்கக் கேபிள் போட்டது. தானே இணையச் சேவை விற்பதில்லை. யார் கேட்டாலும் வெறும் இழையை ஒரே விதியில் வாடகைக்கு விடுகிறது.

---

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது கேபிள் எதற்கு?

டீக்கடையிலிருந்து நிதி அமைச்சகம் வரை கேட்கப்படும் கேள்வி இது. நியாயமானதும்கூட. 2016க்குப் பிறகு அலைபேசி டேட்டா மலிந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் நாட்டில் இருந்த 94 கோடிக்கு மேற்பட்ட அகன்ற அலைவரிசை இணைப்புகளில் கம்பி வழி வந்தவை சுமார் 4 கோடிதான். அப்படியானால் இத்தனை ஆயிரம் கோடியை மண்ணில் போட வேண்டுமா?

முதல் பதில், கோபுரத்துக்கும் கேபிள் வேண்டும். ஊர்க் கோபுரம் வரை கண்ணாடி இழை வராவிட்டால் மாலை ஏழு மணிக்கு எல்லாரும் வீடியோ பார்க்கத் தொடங்கியதும் வேகம் நத்தையாகிவிடும். 5ஜிக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

இரண்டாவது, போன் யாருடையது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 48.7 சதவீதம், பெண்கள் 24.6 சதவீதம். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கும். ஆனால் வீட்டில் ஒரே நல்ல போன் இருந்து, அது காலையில் அப்பாவின் சட்டைப்பையில் ஏறி வேலைக்குப் போய்விடுகிற குடும்பங்கள் இன்னும் ஏராளம். வீட்டுக்கோ, ஊர் நூலகத்துக்கோ, பள்ளிக்கோ வருகிற இணைப்பு யாருடைய சட்டைப்பையிலும் போகாது.

மூன்றாவது பள்ளி ஆய்வகம். இருபது கணினிகளில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தேர்வு எழுத உட்காரும்போது ஆசிரியரின் ஹாட்ஸ்பாட் தாங்காது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு இதயத் துடிப்புப் படம் போக வேண்டும். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பட்டா முதல் சாதிச் சான்று வரை எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டு, இணையத்தை மட்டும் ஊராட்சிக் கட்டடத்தில் பூட்டி வைத்தால், அலைச்சல் குறையவில்லை, இடம்தான் மாறியது. முன்பு தாலுகா அலுவலகத்தில் காத்திருந்தவர் இப்போது நகரத்து இ-சேவை மையத்தில் காத்திருக்கிறார். போக வர பஸ் கட்டணம் வேறு.

எல்லாக் குடியிருப்புக்கும் கேபிள்தான் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. கொல்லிமலையிலோ கல்வராயன் மலையிலோ முப்பது வீட்டுக் குடியிருப்புக்குப் பல கிலோமீட்டர் கேபிள் இழுப்பதைவிட ஒரு கோபுரம் மலிவு. சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாயில் 2022இல் ஒப்புதலான திட்டம் தனியே நடக்கிறது. 2025இல் செயற்கைக்கோள் இணையத்துக்கும் உரிமம் கொடுத்தாயிற்று. எந்தக் குடியிருப்புக்கு எது மலிவு, எது நிலைக்கும் என்று ஊர்வாரியாகக் கணக்குப் போடுவதுதான் முக்கியம். மூன்று திட்டங்கள் மூன்று கோப்புகளில் ஓடினால் ஒரே ஊருக்கு மூன்றும் போகும். பக்கத்து ஊருக்கு ஒன்றும் போகாது.

கேபிள்காரரை விட்டுவிட்டுக் கடைசித் தெருவா?

ஊரில் டிவி தெரியவில்லை என்றால் மக்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள்? கேபிள்காரரை. மழையானாலும் பைக்கில் வருவார். யார் வீட்டில் எந்தத் தேதியில் கூலி வரும், எப்போது கேட்டால் கட்டணம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டின் கடைசித் தெரு வரை ஏற்கெனவே ஒரு வலையமைப்பு இருக்கிறது என்றால் அது இவர்களுடையதுதான். பிஎஸ்என்எல் வீட்டு இணைப்புகள் பல ஊர்களில் பரவியதற்குக் காரணமும், உள்ளூர் ஆட்களோடு வருமானத்தைப் பகிர்ந்துகொண்டதுதான்.

திருத்தப்பட்ட பாரத்நெட் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. உள்ளூர்த் தொழில்முனைவோர் வழியாக ஐந்து ஆண்டில் ஒன்றரைக் கோடி வீட்டு இணைப்புகள் என்பது அதன் இலக்கு. மொத்தத் தொகையை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் வீட்டுக்கு 93,000 ரூபாய் வருகிறது. பத்தாண்டுப் பராமரிப்பும் சேர்ந்த கணக்கு என்பதால் பழைய மூன்றேகால் லட்சத்தோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஒன்றரைக் கோடி உண்மையில் வந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

அதற்குக் கட்டணம் கட்டுபடியாக வேண்டும், உழைப்பவருக்கும் மிஞ்ச வேண்டும். பக்கத்து மாநிலங்கள் இரண்டு திசைகளில் இதைச் சோதித்துப் பார்த்தன. ஆந்திரம் மின்கம்பங்களில் மலிவாகக் கேபிள் கட்டி, இணையம், டிவி, தொலைபேசி மூன்றும் மாதம் 149 ரூபாய் என்று 2017இல் அசத்தியது. ஆட்சி மாறியதும் டெண்டர் முறைகேட்டு வழக்கு வந்தது. கேரளத்தின் கே-ஃபோன் 1,548 கோடி ரூபாய்த் திட்டம். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்ற வாக்கோடு 2023 ஜூனில் தொடங்கியபோது முதல் கட்ட இலக்கு தொகுதிக்கு நூறு வீதம் 14,000 குடும்பங்கள். இலவசமாகத் தர வேண்டும், வாங்கிய கடனையும் அடைக்க வேண்டும் என்றால் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வேகமாகச் சேர வேண்டும். மானியம் யாருக்கு, எவ்வளவு காலம் என்பதைத் திட்டம் தொடங்கும்போதே எழுதிவைக்காத ஊர்களில் பிற்பாடு தகராறுதான் மிச்சம்.

பணத்தை எப்போது கொடுப்பது?

இந்தக் கட்டுரைக்காக அலசிய எல்லா உதாரணங்களும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. கேபிள் போட்டதற்குக் கொடுத்தால் கேபிள் கிடைக்கும். கருவி பொருத்தியதற்குக் கொடுத்தால் அலமாரி கிடைக்கும். இணைப்பு உயிரோடு இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் கொடுத்தால் இணையம் கிடைக்கும். புதிய ஒப்பந்தங்களில் மூன்று ஆண்டு கட்டுமானம், பத்து ஆண்டு பராமரிப்பு என்று வைத்திருக்கிறார்கள். நல்ல திருத்தம். ஆனால் உயிரோடு இருந்தது என்று சான்று தருவது யார்? ஒப்பந்ததாரரின் கணினித் திரையா, ஊராட்சியில் இருக்கும் ஆளா?

ஒவ்வொரு ஊராட்சியின் இணைப்பும் கடந்த மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்தது, எத்தனை வீடுகள் கட்டணம் கட்டுகின்றன என்பதை ஊர்ப்பெயரோடு பொதுவில் வைக்கச் சொல்லிச் சட்டமே போடலாம். கருவிகளுக்கு அந்தத் தகவல் ஏற்கெனவே தெரியும். புதிதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம், ரேஷன் கடை ஐந்தையும் முதல் வாடிக்கையாளர்களாக்கி, அவற்றின் மாதக் கட்டணத்தை அந்தந்தத் துறை தவறாமல் கட்டினால், இணைப்பைத் தாங்கிப் பிடிக்க உள்ளூர் ஆளுக்கு நிலையான வருமானம் கிடைக்கும். அதில் தொங்கிக்கொண்டு வீடுகள் சேரும். அரசுத் துறை அரசு நிறுவனத்துக்கு இணையக் கட்டணம் பாக்கி வைக்கும் வழக்கம் ஒழியாமல் இது நடக்காது.

இனி வாசகர்களுக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகும் கிராம சபைக்குக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊராட்சியில் கண்ணாடி இழைக் கருவி எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது? இன்று வேலை செய்கிறதா? சாவி யாரிடம்? பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்புத் தந்தாயிற்றா? காலனிக்கு எப்போது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தீர்மானத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.